மலிவு விலையில் மர வாசனை: தினமும் அலுவலகத்துக்குப் போட லாலிக் ஆங்க்ர் நுவார் சரிப்படுமா?

பெருங்குடி_பையன்

வணக்கம். இந்தப் பகுதிக்குப் புதியவன். பெருங்குடியில் ஐ.டி. வேலை. இதுவரை பாடி ஸ்பிரே மட்டும்தான் அடித்திருக்கிறேன். எந்த டப்பாவை எடுத்தாலும் ஒரே இனிப்பு, ஒரே குளிர்ச்சி. சலித்துவிட்டது. எனக்கு மர வாசனை பிடிக்கும். தச்சுப் பட்டறை வழியாகப் போனால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

பட்ஜெட் 3000 ரூபாய். 100 மில்லி கிடைத்தால் நல்லது. தேடியதில் லாலிக் ஆங்க்ர் நுவார் என்ற பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. காலை வெயிலில் பறக்கும் ரயிலில் நெருக்கியடித்துப் போய், அப்புறம் நாள் முழுக்க ஏசியில் உட்காருகிறவனுக்கு அது சரிப்படுமா? இல்லை, சந்தனம், ஊது (அகில்) என்று ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே நிறைய வருகிறதே, அதில் ஒன்றை எடுத்துவிடலாமா?

பழைய_புட்டி

தாராளமாகப் போடலாம். என் மேசையில் பல வருடமாக இருக்கிற புட்டி அது. ஆனால் முகர்ந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

2006-இல் வந்த வாசனை. செய்தவர் நத்தாலி லோர்சன். லாலிக் அடிப்படையில் கண்ணாடி நிறுவனம். ரெனே லாலிக் நூறு வருடத்துக்கு முன்பே பிரான்சுவா கோட்டியின் வாசனைத் திரவியங்களுக்குப் புட்டி செய்து கொடுத்தவர். அதனால்தான் இந்த விலையிலும் கையில் எடுத்தால் கனமாக, சதுரமாக, மைக்கூடு போல ஒரு கறுப்புப் புட்டி. உள்ளே பெரிய பட்டியல் எதுவும் இல்லை. ஆரம்பத்தில் சைப்ரஸ் மரம், அதன் பிறகு கடைசி வரைக்கும் வெட்டிவேர், அடியில் காஷ்மெரான் என்ற செயற்கை மர வாசனைப் பொருளும் மஸ்க்கும் (கஸ்தூரி வாசனை). பழம் கிடையாது, வெனிலா கிடையாது, பூவும் கிடையாது.

முதல் கால் மணி நேரம் கரடுமுரடாக இருக்கும். ஈரம் காயாத வேரை முகத்துக்கு நேரே நீட்டிய மாதிரி. கொஞ்சம் புகை, கொஞ்சம் கசப்பு. நிறையப் பேர் அந்தக் கால் மணி நேரத்திலேயே பயந்து புட்டியை விற்றுவிடுகிறார்கள். பொறுத்திருந்தால் அது இறங்கி, உலர்ந்த, சுத்தமான மர வாசனையாகத் தோலோடு நின்றுவிடும். ஏசி அறையில் அந்த இரண்டாம் பாதிதான் உங்களுக்கு வேண்டியது.

அடுத்து சந்தனம், ஊது பற்றிக் கேட்டீர்கள். குறைந்த விலையில் மர வாசனை வேண்டுமென்றால், எந்த மரம் அந்த விலைக்குக் கட்டுப்படியாகும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். வெட்டிவேரும் சீடரும் (தேவதாரு வகை மரம்) கட்டுப்படியாகும். சீடர் எண்ணெயில் பெரும்பகுதி மர அறுவையில் கழிகிற சீவலையும் தூளையும் காய்ச்சி வருவது. வெட்டிவேர் ஒரு புல்லின் வேர், ஒரு வருடத்துப் பயிர். சந்தனம் அப்படி இல்லை. எண்ணெய் வைரம் பாய்ந்த நடுமரத்திலும் வேரிலும்தான் இருக்கிறது, அந்த வைரம் ஏறவே பல வருடம் ஆகும். ஊது இன்னும் மோசம்: அகில் மரத்துக்குப் பூஞ்சை தொற்றி, அதை எதிர்த்து மரம் பிசின் சுரந்தால்தான் வாசனையே. ஆயிரம் ரூபாய்ப் புட்டியில் இந்த இரண்டும் அசலாக இருக்க வழியே இல்லை. வெட்டிவேரும் சீடரும்தான் இந்த விலையில் தலைநிமிர்ந்து நிற்கும்.

வேதியியல்_வாத்தியார்

பழைய_புட்டி சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் "அசல் இல்லை" என்பதையே குறையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மலிவான புட்டியோ விலை கூடிய புட்டியோ, இன்றைக்கு ஆண்களுக்கு வருகிற மர வாசனைகளில் முதுகெலும்பாக நிற்பது ஆய்வகத்தில் பிறந்த மூலக்கூறுகள்தான். ஐசோ ஈ சூப்பர் என்று ஒன்று உண்டு. 1970-களில் வாசனைப் பொருள் செய்கிற ஐ.எஃப்.எஃப். நிறுவனம் கொண்டுவந்தது. மென்மையான சீடர், கொஞ்சம் வெல்வெட். எர்மெஸ் நிறுவனத்தின் டெர் தெர்மெஸ் என்ற வாசனையில் அது மிகப் பெரிய பங்கு. 2006-இல் வந்த மாலிக்யூல் 01 என்ற விலையுயர்ந்த புட்டியில் வாசனைப் பொருள் என்று இருப்பதே அது ஒன்றுதான். சந்தனத்துக்கு ஜவனால், எபனால், பாலிசான்டால் என்று வரிசையாக இருக்கின்றன. இவை கெட்டவை இல்லை. நன்றாகக் கலந்தால் அருமையாக இருக்கும்.

மலிவுப் புட்டியில் பிரச்சினை எங்கே என்றால், இந்த மூலக்கூறுகளில் முரட்டுத்தனமானவற்றை அளவுக்கு மீறிக் கொட்டிவிடுகிறார்கள். தூரத்தில் இருந்தே மூக்கைக் குத்துகிற, தொண்டையில் அரிக்கிற ஒரு 'மர-அம்பர்' வாடை வருமே, அதுதான். "பன்னிரண்டு மணி நேரம் நிற்கும்" என்று அட்டையில் போடுவதற்காகச் செய்கிற வேலை அது. நல்ல மர வாசனைக்கும் மோசமானதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் இந்தக் குத்தலை வைத்துத்தான் அளக்கிறேன், விலையை வைத்து இல்லை.

தம்பி கேட்ட வெயில் விஷயம். வாசனை என்பது ஆவியாவதுதான். எலுமிச்சை, ஆரஞ்சு வகையின் மூலக்கூறுகள் சிறியவை, சென்னை வெயிலில் அரை மணி நேரத்தில் பறந்துவிடும். வெட்டிவேர் எண்ணெயில் இருக்கிற குசிமால், வெட்டிவோன் போன்றவை பெரிய மூலக்கூறுகள், மெதுவாகத்தான் கிளம்பும். அதனால் நம் ஊர் வெப்பம் அதற்கு எதிரி இல்லை. உள்ளே அழுத்திக் கிடப்பதை வெளியே கொண்டுவந்து கொடுக்கும். வெயிலில் கெடுவது இனிப்பு வாசனைகள்தான். வெனிலா, டோங்கா விதை, கேரமல் எல்லாம் வியர்வையோடு சேர்ந்தால் பக்கத்தில் நிற்க முடியாது.

மல்லி_மட்டும்

மாற்றுக் கருத்து ஒன்றும் இருக்கட்டும். என் கணவர் இதே ஆங்க்ர் நுவாரைத்தான் போடுகிறார். எனக்குப் பிடிக்கவில்லை. மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தில் குழி வெட்டினால் வருகிற வாசனை. அது தனியாக அழகுதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு மனிதர் மேல் இருந்து வரும்போது பக்கத்தில் போகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் முடிவு என்னவென்றால் அலுவலகத்துக்கு அவர் இஷ்டம், கல்யாணம் காட்சிக்கு வேறு.

உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது மட்டும் போதாது தம்பி. தினமும் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பழைய_புட்டி

இது நியாயமான கருத்து, இந்த வாசனையைப் பற்றிப் பல பேர் சொல்வதும் இதைத்தான். சோகமாக இருக்கிறது என்பார்கள். எனக்கு அது சோகமாகப் படவில்லை, அமைதியாகப் படுகிறது. வெட்டிவேரையே கொஞ்சம் வெளிச்சமாகக் காட்டுவது கெர்லான் வெட்டிவேர். 1959-இல் ழான்-பால் கெர்லான் செய்தது, எலுமிச்சை, புகையிலை, சாதிக்காய் எல்லாம் சேர்ந்து சலவைச் சட்டை போட்ட மாதிரி இருக்கும். ஆனால் 3000-க்குள் 100 மில்லி அமைவது கஷ்டம். தள்ளுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கடலூர்_மணல்

வெட்டிவேர் என்றதும் உள்ளே வந்தேன். எங்கள் மாவட்டக் கடலோரத்தில் மணல் நிலத்தில் பயிரிடுகிறோம். எங்கள் குடும்பத்திலும் போட்டிருக்கிறோம், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், மன்னிக்கவும்.

மணலில் போடுவதற்குக் காரணம் உண்டு. வேர் தடையில்லாமல் நேராகக் கீழே இறங்கும், பிடுங்கும்போது அறுந்து நிலத்திலேயே தங்காமல் முழுசாக வரும். களிமண்ணில் போட்டால் பாதி வேர் மண்ணோடு போய்விடும். நட்டு ஏறத்தாழ ஒரு வருடம் விட்டுத்தான் எடுப்போம். முன்னால் எடுத்தால் எண்ணெய் மெல்லிசு, வாசனை பச்சைப் புல்லாக நிற்கும். வேர் முற்றினால்தான் அந்த அடிக் கனம் வரும். பிடுங்கி, மேல் புல்லை வெட்டிவிட்டு, அலசிக் காயப்போட வேண்டும். வேர் அலசுகிற அன்றைக்கு அந்தப் பக்கமே மணக்கும்.

எண்ணெய் எடுப்பது பொறுமையான வேலை. லெமன்கிராஸ் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், வெட்டிவேருக்கு அடுப்பு ஒரு நாள் அளவுக்கு எரிய வேண்டும். கனமான பகுதி கடைசியில்தான் வருகிறது, நல்ல வாசனையும் அதில்தான். விறகைப் பார்த்து முன்னாலேயே நிறுத்தினால் எண்ணெய் தரம் போச்சு. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்த எண்ணெயின் அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில் இருக்கும். சுலபமாக மேலே மிதந்து பிரியாது. பாதி மிதக்கும், பாதி மூழ்கும். பிரித்து எடுப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

உலகச் சந்தையில் பெரிய பங்கு ஹெய்தி நாட்டு எண்ணெய்தான். அது சுத்தமாக, மென்மையாக இருக்கும். நம் பக்கத்து எண்ணெயில் மண் வாசனை தூக்கல். பழைய_புட்டி சொன்ன புட்டியில் ஹெய்தி வெட்டிவேரோடு பூர்போன் வெட்டிவேரும் இருப்பதாகச் சொல்வார்கள். பூர்போன் என்றால் ரீயூனியன் தீவு வகை.

வேரைத் தண்ணீர்ப் பானையில் போட்டுக் குடித்தே வளர்ந்தவர்கள் நாம். பிரெஞ்சுக்காரர் புட்டியில் அடைத்து விற்றால் சோகமாக இருக்கிறது என்கிறோமே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. மல்லி அக்காவைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

மல்லி_மட்டும்

பரவாயில்லை தம்பி. பானைத் தண்ணீர் எனக்கும் பிடிக்கும். அதில் சைப்ரஸும் புகையும் கிடையாதே, அதுதான் வித்தியாசம்.

அத்தர்க்கடை_பாய்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். திருவல்லிக்கேணிப் பக்கம் அத்தர் வியாபாரம். கடைப் பெயர் சொல்லி விளம்பரம் செய்ய வரவில்லை.

மர வாசனை குறைந்த விலையில் வேண்டும் என்றால் ஸ்பிரே மட்டுமா வழி? வெட்டிவேர் அத்தர் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சுகிறார்கள். பாத்திரத்துக்கு தேக் என்று பேர், ஆவி இறங்குகிற குடத்துக்கு பப்கா. காட்டு வெட்டிவேரில் இருந்து அப்படி எடுக்கிற சுத்த எண்ணெயை ரூஹ் கஸ் என்பார்கள், செம்பினால் பச்சை நிறம் ஏறியிருக்கும். அது விலை அதிகம், ஆனால் இரண்டு சொட்டு போதும், ஆல்கஹால் கிடையாது, தொழுகைக்குப் போகிறவர்களும் சங்கடப்படாமல் பூசலாம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் அத்தர் என்றால் சந்தன எண்ணெய்தான் அடித்தளம். ரோஜாவோ மல்லியோ அதன் மேல்தான் இறங்கும். சந்தனம் விலை ஏறிய பிறகு பாரஃபின் எண்ணெய், வேறு இரசாயன எண்ணெய் எல்லாம் அடித்தளமாகிவிட்டது. நூறு ரூபாய்க்குச் சந்தன அத்தர் என்று யார் கொடுத்தாலும் அது சந்தனம் இல்லை. கொடுக்கிறவர் மறைக்காமல் சொன்னால் வாங்குங்கள், வாசனை பிடித்தால் போதும். மறைத்தால் வாங்காதீர்கள்.

அசல் சந்தனம் என்றால் என்ன என்று மூக்கு பழக வேண்டுமா? மைசூர் சாண்டல் சோப்பு ஒன்று வாங்கி வையுங்கள். 1916-இல் மைசூர் சமஸ்தானம் தொடங்கிய சந்தன எண்ணெய் ஆலையின் வழி வந்த பொருள். அதை மோந்து பழகினவனை டப்பாச் சந்தனம் ஏமாற்ற முடியாது.

பெருங்குடி_பையன்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம்.

ஒன்று, இவ்வளவு நல்ல வாசனை எப்படி இந்த விலைக்கு வருகிறது? டியூப்ளிகேட் பயம் இருக்கிறது. இரண்டு, எத்தனை முறை அடிக்க வேண்டும்? பாடி ஸ்பிரே என்றால் சட்டைக்குள் இரண்டு பக்கமும் நன்றாக அடித்துவிட்டுப் போவேன்.

பழைய_புட்டி

விலை குறைவதற்குக் காரணம் தரம் குறைவது இல்லை. 2006-இல் வந்தது, பெரிய விளம்பரம் கிடையாது, சினிமா நடிகர் முகம் கிடையாது. புட்டியின் விலையில் உள்ளே இருக்கிற திரவத்தின் பங்கு எப்போதுமே சிறிதுதான். விளம்பரமும் கடை வாடகையும்தான் மீதி. அவை குறைந்தால் விலை குறைகிறது. இதே நத்தாலி லோர்சன் செய்த பென்ட்லி ஃபார் மென் இன்டென்ஸும் (2013) அப்படித்தான், வெளிநாட்டு வாசனை ரசிகர்கள் விலையைப் பார்த்து நம்ப மறுக்கிற புட்டி. ஆனால் அதில் ரம், சாம்பிராணி, தோல் என்று கனம் அதிகம். மார்கழி இரவுக்குச் சரி, மே மாத ரயிலுக்கு வேண்டாம்.

டியூப்ளிகேட்: அட்டைப் பெட்டியின் அடியில் இருக்கிற பேட்ச் எண்ணும் புட்டியின் அடியில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மூடி ஆடக் கூடாது. ஸ்பிரே பொடிப் பனியாக வர வேண்டும், துளியாகத் தெறிக்கக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தும் போலி வரலாம், அதனால் விற்பவர் முக்கியம். சந்தை விலையில் பாதிக்குக் கொடுத்தால் விட்டுவிடுங்கள்.

ஐசியு_சிஸ்டர்

எத்தனை முறை என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்தவர் வாசனையைச் சகித்துக்கொள்கிற பக்கத்தில் நான் இருக்கிறேன். டியூட்டியில் நாங்கள் எதுவும் போடுவதில்லை. மூச்சுத் திணறலோடு வருகிற நோயாளிக்கு எந்த வாசனை தூண்டும் என்று சொல்ல முடியாது. பார்வையாளர்கள் அடித்துக்கொண்டு வந்தால் வார்டு முழுக்க நிற்கும். ஒற்றைத் தலைவலி இருக்கிறவர்கள் உங்கள் அலுவலகத்திலும் இருப்பார்கள், சொல்ல மாட்டார்கள்.

இரண்டு முறை போதும். சட்டைக்கு உள்ளே நெஞ்சில் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று. கொஞ்ச நேரம் போனால் உங்களுக்கு வாசனை தெரியாது. மூக்கு பழகிவிடும், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கும். தெரியவில்லையே என்று மறுபடி அடிப்பதுதான் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம்.

வேதியியல்_வாத்தியார்

சிஸ்டர் சொன்னது மர வாசனைகளில் இன்னும் முக்கியம். ஐசோ ஈ சூப்பர், சில மஸ்க் வகைகள் எல்லாம் சிலருடைய மூக்குக்குத் தெரிவதே இல்லை. பிறவியிலேயே அப்படி. அப்படிப்பட்டவர் "ஒன்றுமே வரவில்லை" என்று எட்டு முறை அடித்துவிட்டுப் போவார், பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் தேடுவார். வாங்கியதும் வீட்டில் ஒருவரிடம் காட்டி, எவ்வளவு தூரம் வருகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வியர்வை நாற்றத்தை வாசனை போக்காது. அது தோலில் இருக்கிற பாக்டீரியா வேலை. குளித்துவிட்டு, அக்குளுக்கு வாசனை இல்லாத ரோல்-ஆன், அது காய்ந்த பிறகு இது. இரண்டு வாசனை சண்டை போட்டால் வெட்டிவேர் தோற்றுவிடும். தோல் ரொம்ப வறண்டிருந்தால் வாசனை சீக்கிரம் போய்விடும், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவிவிட்டு அதன் மேல் அடியுங்கள். மணிக்கட்டில் அடித்துத் தேய்க்கிற பழக்கம் வேண்டாம்.

புட்டியைக் குளியலறையிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். வெப்பமும் வெளிச்சமும்தான் அதைக் கெடுப்பவை. பெட்டியோடு பீரோவுக்குள் வையுங்கள். காரில் வைக்கவே கூடாது, உள்ளே இருப்பது எரிகிற ஆல்கஹால்.

டொரன்டோ_குளிர்

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது டொரன்டோவில். இதே ஆங்க்ர் நுவாரைத்தான் இங்க பாவிக்கிறன். ஒரு விசயம் சொல்ல வேணும்: குளிரில இது வேற மாதிரி. வெளியில நிக்கேக்க ஒண்டும் வராது, கோட்டுக்குள்ள அடங்கிப் போயிடும். உள்ளுக்கு வந்து கோட்டைக் கழட்டினாப் பிறகுதான் எழும்பும். ஊருக்குப் போன நேரம் சித்திரை வெயிலில போட்டுப் பாத்தன், அங்கதான் வேர் வாசம் முழுசா விரிஞ்சது. அதனால குளிர்நாட்டு ஆக்கள் எழுதுற விமர்சனத்தை வாசிச்சிட்டு நீங்கள் அளவை முடிவு செய்யாதேங்கோ. அவை ஆறு ஏழு தரம் அடிப்பினம். சென்னையில இரண்டுக்கு மேல வேண்டாம்.

2015 இல வந்த ஆங்க்ர் நுவார் ஆ லெக்ஸ்ட்ரீம் எண்டு ஒண்டும் இருக்கு. அது இன்னும் செறிவு, பிசின் வாசம் கூட. எங்கட குளிருக்கு அது திறம்.

பெருங்குடி_பையன்

எல்லாவற்றையும் வைத்து, புட்டி வாங்கவில்லை. முதலில் 5 மில்லி டீக்கன்ட் (பெரிய புட்டியில் இருந்து பிரித்துத் தருகிற சிறு அளவு) வரவழைத்தேன். கூடவே மைசூர் சாண்டல் சோப்பும்.

காலையில் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் அடித்தேன், அந்தக் கரடுமுரடான பகுதி வீட்டிலேயே முடியட்டும் என்று. அது பலித்தது. ரயிலில் ஏறும்போதே இறங்கியிருந்தது. மதியச் சாப்பாடு வரை எனக்கே அவ்வப்போது தெரிந்தது, சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது காலரில் இருந்தது. அம்மா கேட்ட முதல் கேள்வி, "பானையில போடுற வேர் மாதிரி வருதே, எங்கேருந்து?" பக்கத்து சீட்டு அக்காவிடம் நேரடியாகவே கேட்டேன், தொந்தரவாக இருக்கிறதா என்று. ஒன்றும் தெரியவில்லை, குனிந்து ஃபைல் எடுத்தபோது மட்டும் நன்றாக இருந்தது என்றார். அதுவே எனக்குப் போதும், 100 மில்லி எடுக்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். வெள்ளைச் சட்டையில் அடித்தால் கறை படுமா? துணியில் நிறைய நேரம் நிற்கிறது என்பதால் கேட்கிறேன்.

கடலூர்_மணல்

ரொம்ப சந்தோசம் தம்பி. அம்மா சொன்னதைப் படித்து நானும் சிரித்தேன்.

பழைய_புட்டி

எந்த வாசனையாக இருந்தாலும் வெளுத்த பருத்தியில் நேரடியாக, கிட்டத்தில் இருந்து அடிக்க வேண்டாம். சட்டையின் உள் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு தடவை அடித்து, காய்ந்த பிறகு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பட்டு என்றால் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். தோலில் நெஞ்சுக்கு அடித்து, கொஞ்சம் காய்ந்த பிறகு சட்டை போட்டாலே துணியில் தேவையான அளவுக்கு ஏறிவிடும்.

மீதி டீக்கன்ட் இருந்தால் மழைக்காலம் வரும்வரை வைத்திருங்கள். ஐப்பசி அடைமழையில் இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், காற்றில் ஈரம் ஏறும்போது உங்களுக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.